சீலி தன்னைக் கண்டுகொண்ட கதை



அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலிஸ் வோக்கரின் 'த கலர் பர்ப்பிள்' நாவலின் நாயகி சீலியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 1982 இல் வெளிவந்த இந்நாவல் 1983 இல் புலிற்சர் பரிசைப் பெற்றது. புனைகதைக்காக அப்பரிசைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் வோக்கரே.

கதை ஜோர்ஜியா மாநிலத்துக் கிராமப்புறத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிகழ்கின்றது. தந்தையென்று தான் நம்பிய மனிதனாலேயே 14 வயதில் சீலி சீரழிக்கப்படுகிறாள். பெற்ற பிள்ளைகள் இருவரும் பறிக்கப்படுகின்றனர். பின்னர், மனைவியை இழந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கப்படுகிறாள். அவன் அவளை அடிக்கிறான். தங்கை நெட்டி எழுதும் கடிதங்களையும் ஒளித்துவைக்கிறான். மனிதரிடம் வாய்திறக்க வழியில்லாத சீலி, கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறாள்.

கணவனின் பழைய காதலியான பாடகி ஷக் ஏவரி நோயுற்று அவ்வீட்டுக்கு வருகிறாள். சீலி அவளைப் பராமரிக்கிறாள்; இருவருக்குமிடையே காதல் மலர்கின்றது. ஒளித்துவைக்கப்பட்ட கடிதங்கள் கிடைப்பதும், சீலி வீட்டைவிட்டு மெம்பிஸ் நகருக்குச் செல்வதும் ஷக்கின் துணையினாலேயே. ஆகவே, சீலியை மீட்டவள் ஷக் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாவல் அவ்விடத்தில் முடிந்துவிடவில்லை.

புறப்படும் வேளையில் கணவன் அவளை ஏழை, கறுப்பி, அழகற்றவள் என்று ஏளனம் செய்கிறான். அவள் எதையும் மறுக்கவில்லை. அத்தனையும் உண்மையாயினும் தான் இருப்பதும் உண்மை என்பதே அவளது பதில். மெம்பிஸில் காற்சட்டை தைத்துத் தன் காலில் நிற்கிறாள். உடன் தைக்கும் பெண்ணொருத்தி அவளது பேச்சைத் திருத்த முனைகிறாள். தன் மனத்துக்கு ஒவ்வாத மொழியைப் பேச சீலி உடன்படுவதில்லை.

உண்மையான சோதனை அதன் பின்னரே வருகின்றது. ஓர் இளைஞன்மீது மோகங்கொண்டு ஷக் பிரிந்து செல்கிறாள். கண்ணாடி முன் நின்று, இந்த உடலில் எவர் எதை நேசிக்கக்கூடும் என்று சீலி தன்னையே கேட்கிறாள். பெற்றதெல்லாம் பிறர் தந்த வெளிச்சந்தானா என்ற ஐயம் நமக்கும் எழுகின்றது. ஆயினும் காலம் செல்லச்செல்ல, ஷக் திரும்பி வந்தால் மகிழ்ச்சி, வராவிடினும் நிறைவு என்ற நிலைக்கு அவள் வந்துசேர்கிறாள். மனந்திருந்திய கணவன் மீண்டும் மணக்கக் கேட்டபோது, நட்பே போதுமென்கிறாள்.

ஷக் மீள்வதும், நெட்டி பிள்ளைகளுடன் வந்துசேர்வதும் இதற்குப் பின்னரேயாகும். வோக்கர் அமைத்த இந்த ஒழுங்கையே நான் பெரிதும் மதிக்கிறேன். இழந்தவை திரும்பியதால் சீலி நிறைவுற்றாள் என்று நாம் எண்ணிவிட அது இடந்தரவில்லை. வெறுங்கையோடு இருந்தபோதே அவள் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டாள்.