வேகம் வாங்கித் தராத குறி

அமெரிக்காவின் பெருஞ்சமவெளிகளில், தெற்கு டகோட்டா, மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில், பிரெய்ரி நாய் என்றொரு பிராணி கூட்டம் கூட்டமாக வளை தோண்டி வாழ்கிறது. பெயரில்தான் நாய், உண்மையில் அது அணில் குடும்பம், எடை ஏறக்குறைய ஒரு கிலோ. கிழக்கு மாநிலங்களின் பண்ணைகளில் வுட்சக் என்ற இன்னொரு வளைவாசி உண்டு. பயிருக்கும் மேய்ச்சலுக்கும் தொல்லை என்று கருதப்படும் இத்தகைய பிராணிகளுக்கு அங்கே வார்மின்ட் என்று பொதுப்பெயர். அவற்றை முந்நூறு, நானூறு கஜத்திலிருந்து ரைஃபிளால் சுடுவது நெடுங்காலப் பழக்கம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை பொழுதுபோக்காக இருக்க வழியில்லை. ஆகவே நான் பேசப்போவது அந்த நாட்டுப் பழக்கத்தைப் பற்றித்தான். வயலிலும் சுட வேண்டும், இலக்குத் தட்டியிலும் சுட வேண்டும், கையில் ஒரே துப்பாக்கிதான் என்றால் அதற்கு எந்தக் காலிபர், அதாவது எந்தத் துளை அளவு? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் வேகத்தைக் கொண்டு விடை தேடுகிறார்கள். அது தவறான அளவுகோல் என்பது என் கட்சி.

வேகத்தின் மேல் இந்த மோகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1935இல் வின்செஸ்டர் நிறுவனம் 220 ஸ்விஃப்ட் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. மூன்று கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள குண்டு நொடிக்கு 4,110 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பியது. ஒலியின் வேகத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். தொழிற்சாலைத் தோட்டா ஒன்று நாலாயிரத்தைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அதன்பின் வந்தவற்றில் இரண்டு இன்றும் கோலோச்சுகின்றன: ராணுவத் தோட்டாவின் உடன்பிறப்பான 223 ரெமிங்டன், 1965இல் கடைக்கு வந்த 22-250. ஸ்விஃப்டையும் சேர்த்து இந்த மூன்றும் பெயரில்தான் வேறு வேறு. மூன்றிலிருந்தும் வெளியேறுவது ஒரே விட்டமுள்ள குண்டு, அங்குலத்தில் ஆயிரத்தில் 224 பங்கு. அதாவது காலிபரைத் தேர்ந்தெடுப்பதாக நினைப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது மருந்து அடைக்கும் கூட்டின் கொள்ளளவை. 223இல் ஏறக்குறைய 25 கிரெய்ன் எடை வெடிமருந்து. 22-250இல் 35க்கும் மேல். அதே சிறு துளை வழியாக அவ்வளவு கூடுதல் மருந்தின் தீயும் அழுத்தமும் போகின்றன. குண்டு குழலுக்குள் நுழையும் வாய்ப்பகுதியின் எஃகு முதலில் அரிக்கப்படுகிறது, குறியும் மெல்ல மெல்லக் கலைகிறது. ஒரு வளைக்கூட்டத்தின் எதிரே உட்கார்ந்தவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுவார் என்பதை நினைத்துப் பார்த்தால், குழலின் ஆயுள் அற்ப விஷயமல்ல.

வேகத்தை ஆதரிப்பவர்களின் பெரிய வாதம் காற்று. வேகமாகப் போகும் குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும் என்கிறார்கள், சரிதான். எவ்வளவு குறைவாக? பக்கவாட்டில் மணிக்குப் பத்து மைல் காற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரே 55 கிரெய்ன் குண்டை 223இலிருந்து சுட்டால் 300 கஜத்தில் அது சுமார் 11 அங்குலம் விலகும். 22-250இலிருந்து சுட்டால் சுமார் 9 அங்குலம். லாபம் இரண்டு அங்குலம். நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி நாயின் உடல் அகலமோ மூன்று நான்கு அங்குலந்தான். இப்போது சுடுபவர் காற்றை ஐந்து மைல் தப்பாகக் கணித்துவிட்டார் என்போம். ஒன்றில் ஐந்தரை அங்குலம் பிசகும், மற்றதில் நாலரை. இரண்டும் வெற்று மண்ணில்தான் விழும். காற்றைப் படிக்கத் தெரியாதவருக்குக் கூடுதல் வேகம் கைகொடுப்பதில்லை. தெரிந்தவருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதுமில்லை. காற்றைப் படிக்கக் கற்பதற்கோ ஒரே வழி, விழுந்த இடத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது. இங்கேதான் 223க்கு ஒரு பெரிய அனுகூலம். அதன் உதை மென்மையானது. கனமான குழல் பொருத்திய துப்பாக்கியில், சுட்டவரே தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் புழுதி எழும் இடத்தைப் பார்த்துவிடலாம். மருந்து கூடக்கூடத் துப்பாக்கி துள்ளும், காட்சி நழுவும், பிழை எந்தப் பக்கம் என்பதைப் பக்கத்திலிருப்பவர்தான் சொல்ல வேண்டும். தோட்டாவின் விலையும் இதே பக்கம்தான் பேசுகிறது. ராணுவத் தோட்டாவின் உறவு என்பதால் 223 எங்கும் மலிவு, அதனால் பயிற்சி மிகுதி.

சரி, வயலுக்கு இது போதும், இலக்குப் போட்டிக்கு இந்தச் சின்னத் தோட்டா எடுபடுமா என்று கேட்கலாம். முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இலக்குச் சுடுதலின் வரலாறு வேகத்தை என்றுமே வணங்கியதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டி, ஒலியின் வேகத்தை ஒட்டியே பறக்கும் பழைய 22 காலிபர் தோட்டாவால் ஆடப்படுவது. அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். மேசையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் 1950இல் வந்த 222 ரெமிங்டன் என்ற அடக்கமான தோட்டா இருபது ஆண்டுகளுக்கு மேல் கொடி கட்டிப் பறந்தது. அதை இறக்கியதும் ஒரு வேகப் பேய் அல்ல. டாக்டர் லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1975 வாக்கில் உருவாக்கிய 6 மி.மீ. பி.பி.சி. என்ற குட்டையான, தடித்த கூடு. தட்டிக்கு மட்டும் சுடுபவர் அதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்ளும் பொறுமை வேண்டும், வென்றெடுப்பதும் அங்குலத்தில் நூற்றில் சில பங்குகளே. வயலுக்கும் சேர்த்து வாங்குபவருக்கு அந்தச் சில பங்குகளால் ஆவது ஒன்றுமில்லை.

நெடுந்தூரப் போட்டியைப் பற்றிய ஐயத்துக்கு ஓஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி மைதானம் பதில் சொல்லிவிட்டது. 600 கஜப் போட்டியில் 7.62 மி.மீ. துப்பாக்கிகளே ஆண்ட களம் அது. 1990களில் 223 அங்கே நுழைந்தபோது, இந்தப் பொடிக் குண்டு அவ்வளவு தூரம் தாங்குமா என்று பலர் சிரித்தார்கள். தாங்கியது. செய்த மாற்றம் குழலின் உட்புறத்தில்: குண்டைச் சுழலவைக்கும் புரி. சாட்டை சுற்றிவிட்ட பம்பரம் வேகமாகச் சுழன்றால்தானே நேரே நிற்கும். குண்டும் அப்படித்தான், நீளமாக ஆக ஆகக் கூடுதல் சுழற்சி கேட்கும். பழைய 223 குழல்களின் புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெய்ன் குண்டுக்கு அது போதும். எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நெருக்கியதும் 77, 80 கிரெய்ன் நீளக் குண்டுகள் தடுமாறாமல் பறந்தன, காற்றுக்கும் குறைவாக வளைந்தன. பெரிய கூடு வாங்காமலே காற்றை எதிர்க்க முடிந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 22-250 துப்பாக்கிகள் பலவற்றில் இன்னும் 14 அங்குலப் புரி இருப்பதால், அவ்வளவு மருந்தை எரித்தும் இந்த நீளக் குண்டுகளை அவற்றால் சுட முடியாது.

சின்னஞ்சிறு பிராணியைக் கொல்வதற்கு இவ்வளவு கணக்கா என்ற முகச்சுளிப்பு நேயர்களில் பலருக்கு இருக்கும். எனக்கும் இந்த வேட்டையின் மேல் பெரிய மரியாதை இல்லை. பிரெய்ரி நாயை நம்பியே வாழும் கருங்கால் ஃபெரட் என்ற பிராணி, அற்றே போயிற்று என்று எல்லோரும் எண்ணியிருந்த நிலையில், 1981இல் வயோமிங்கில்தான் மறுபடி தென்பட்டது. தொல்லை என்று பெயர் சூட்டுவது எவ்வளவு அவசரமான காரியம் என்பதற்கு அதுவே சாட்சி. வேலிக்குள் வளை பெருகிய பண்ணையாளரின் நியாயம் வேறு, எண்ணிக்கைக்காகச் சுடுபவரின் நியாயம் வேறு. ஆனால் சுடத்தான் போகிறார்கள் என்றால், பிசகாமல் சுடுவது காயத்தோடு வளைக்குள் ஊர்ந்து சென்று சாவதைத் தவிர்க்கும். வேகத்துக்கு இங்கே ஒரு நியாயமான பங்கும் உண்டு: மெல்லிய உறையுள்ள குண்டு வேகமாக மண்ணில் மோதினால் சிதறிவிடும், தெறித்து அடுத்த பண்ணைக்குப் போகாது. அந்த வேலைக்கு 223இன் வேகமே தாராளம். சிதறிய ஈயத் துணுக்குகள் சடலத்தோடு பருந்துக்கும் கழுகுக்கும் இரையாகி நஞ்சாவது மற்றொரு சிக்கல். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. மாற்று, செம்புக் குண்டு. செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடுகிறது, நீளமானால் நெருக்கமான புரி வேண்டும். 12 அங்குலப் புரியோடு வாங்கியவர் அங்கே குழலையே மாற்ற வேண்டியிருக்கலாம். எட்டு அங்குலப் புரியோடு வாங்கியவர் தோட்டாப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.