முதல் செங்கல் வைக்குமுன்



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பார்கள் நம் பெரியவர்கள். தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான் நமக்கு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆகவே, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும் நமக்குச் சொந்த வீடு மிக அவசியம். அதைக் குறித்த காலத்தில், கையிலுள்ள பணத்துக்குள் கட்டி முடிப்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

இந்தப் பாடம் தோட்டத்திலேயே இருக்கிறது. செம்பனை மறுநடவை எண்ணிப் பாருங்கள். பழைய மரங்களைச் சாய்த்த பிறகா கன்று வளர்க்கிறார்கள்? இல்லை. நாற்றுப்பண்ணையில் கன்று வளர ஏறக்குறைய 12 மாதம் ஆகும். ஆகவே நடும் மாதத்தை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு விதை வாங்குகிறார்கள். நட்டுச் சுமார் 30 மாதம் கழித்தே குலை வெட்டலாம். அதுவரை உரத்துக்கும் களையெடுப்புக்கும் செலவு உண்டு, வரவு இல்லை. நிலம் தயாராகத் தாமதித்தால் கன்று பையிலேயே மிஞ்சி வளரும், வரவும் தள்ளிப்போகும்.

பெரிய நாடுகளும் இதில் தவறியதுண்டு. ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்து இசைநாடக அரங்கின் வேலை 1959-இல் தொடங்கியது. 1963-இல் முடியும், 7 மில்லியன் டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். திறக்கப்பட்டதோ 1973-இல், செலவு 102 மில்லியன் டாலர். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகுமுன்பே அடித்தளம் போட்டது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பாரத்தைத் தாங்காத தூண்களைப் பிறகு இடித்துக் கட்ட நேர்ந்தது. அரசாங்கம் தாங்கிக்கொண்டது. ஊழியர் சேமநிதியிலிருந்து பணமெடுத்துக் கட்டும் நம்மால் தாங்க முடியுமா?

ஆகவே, முதல் செங்கல் வைக்குமுன் மூன்று காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். நிலப்பட்டா நம் பெயரில் இருக்க வேண்டும். வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். பொருள், கூலி, மின்சாரம், தண்ணீர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதியிருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள்.

அக்டோபர், நவம்பர் மழைக்குமுன் கூரை ஏற வேண்டுமானால், அடித்தளம் எந்த மாதம் போட வேண்டும் என்று பின்னோக்கி எண்ணுங்கள். குத்தகையாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். அடித்தளம், சுவர், கூரை என முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். வேலை தொடங்கியபின், அக்கம்பக்கத்து வீட்டைப் பார்த்து வரைபடத்தை மாற்றாதீர்கள்.

காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுப்பதுபோல, வாரந்தோறும் குடும்பத்தோடு அமர்ந்து, முடிந்த வேலையையும் செலவான பணத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையே எழுதட்டும். பாதிப் பணம் போய்க் கால்வாசி வேலைதான் முடிந்திருந்தால், அந்த நோட்டு உடனே காட்டிக் கொடுக்கும். பின்கட்டைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்க அப்போது வழி இருக்கும். கூரையில்லாத நான்கு அறைகளைவிட, கூரையுள்ள இரண்டு அறைகள் மேல் அல்லவா?