அடியில் இருக்கும் பெயர்



சிவகாசியில் அச்சாகிற எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். ஓர் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். விளம்பரம் என்று நினைத்துக் கடந்துபோகிறோம். அதன் பின்னே ஒரு மிரட்டல் இருக்கிறது. மைசூர்ப் போரும் பிரெஞ்சு பயமும் சூழ்ந்த 1799இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி உத்தரவு போட்டார்: பத்திரிகையின் அடியில் அச்சிடுபவர் பெயர் வேண்டும், அரசுச் செயலாளர் பார்க்காமல் எதுவும் வெளிவரக் கூடாது. மீறினால் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

யாரைப் பிடித்தால் பத்திரிகை நிற்கும் என்பது கிழக்கிந்தியக் கும்பனிக்கு முன்பே தெரியும். 1780 ஜனவரி 29. நம் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் பிற்காலத்தில் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனார்களே, அதே கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி 'பெங்கால் கெஜட்'டைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகை. அன்றைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே சந்திக்கு இழுத்தார். சிறையில் அடைத்தார்கள்; உள்ளே இருந்தபடியே பத்திரிகை நடத்தினார் அந்த மனிதர்! 1782 மார்ச்சில் அவருடைய அச்செழுத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். அன்றோடு நின்றது.

1835இல் கவர்னர் ஜெனரல் பொறுப்பிலிருந்த மெட்காஃப் கட்டுகளைத் தளர்த்தினார். ஆனால் 1867ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டம் 2024 பிப்ரவரி வரை உயிரோடு இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்து எட்டயபுரத்துப் பாரதி எழுதிய 'இந்தியா' பத்திரிகையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1908இல் அரசு பாய்ந்தது. பாரதி புதுச்சேரி போனார். அவர் போனதால் அந்த எழுத்து பிழைத்தது. 'இந்தியா' அங்கிருந்து மீண்டும் வந்தது. ஆனால் பத்திரிகைக்காக அரசுப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசன் சென்னையில் பிடிபட்டார். ஐந்தாண்டு தண்டனை. பாரதியைத் தெரிந்த நமக்கு அவரைத் தெரியவில்லையே, இது நியாயமா?

1910இல் வந்த பத்திரிகைச் சட்டமும் அச்சகக்காரர் மடியில்தான் கை வைத்தது. புதிய அச்சகத்துக்கு ஜாமீன் தொகை 500 முதல் 2,000 ரூபாய் வரை. ஆட்சிக்கு ஆகாத ஒரு வரி அச்சானால் அந்தப் பணம் போகும். மறுபடியும் அச்சானால் அச்சகமே போகும். அன்றைய சிறு முதலாளிக்கு அது குடும்பச் சொத்து.

சிவகாசி அச்சகத் தோழர்களே, ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுகிறீர்கள். நாட்டின் பல வீடுகளில் உங்கள் தினசரித் தாள் கிழிபடுகிறது. அடுத்த ஆண்டு ஜனவரி 29ஆம் தேதித் தாளில், ராகு காலத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். ஹிக்கி பெயரையும் சீனிவாசன் பெயரையும் அங்கே அச்சிடுங்கள்.