சரியான இலக்கத்தை மறுக்கும் பூட்டு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. ஆயின் அது நம் வீடுகளில் உண்டாக்கும் கலக்கம் சிறியதன்று. கையடக்கத் தொலைபேசியை எடுக்கின்றோம். நாள்தோறும் இடும் இரகசிய இலக்கத்தை இடுகின்றோம். "இலக்கம் பிழை" என்று பூட்டுத் திரை விடை கூறுகின்றது. மீண்டும் இடுகின்றோம், மீண்டும் அதே விடை. நேற்றிரவு வரை ஏற்ற இலக்கத்தை இன்று காலை அது மறுப்பானேன்?

தொலைபேசி பேசுவதற்கு மட்டுமே உரியதாய் இருந்த காலத்தில் இக்கேள்வி எழவில்லை. இன்றோ, கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் இலக்கங்களும், வங்கிக் கணக்கின் வழியும், பேரப்பிள்ளைகளின் படங்களும், மறைந்துபோன ஒருவர் கடைசியாக அனுப்பிய குரற் செய்தியும் அந்தச் சிறு கருவிக்குள்ளேயே இருக்கின்றன. பதற்றத்தில் செய்யும் ஒரு காரியத்தால் அவை யாவும் மீளாவண்ணம் அழிந்துபோகக் கூடும். இத்தொல்லை வந்தால் முதலில் அழைக்கப்படுபவர் வீட்டிலுள்ள வாலிபர். இழப்புக்கு ஆளாகுபவர் பெரும்பாலும் பெரியவர். ஆதலின் இது இரு பகுதியாரும் சேர்ந்து அறியவேண்டிய விஷயமாகும்.

முதற்கண் இப்பூட்டின் இயல்பை அறிதல் வேண்டும். பலர் எண்ணுவதுபோல் தொலைபேசி நமது இலக்கத்தை ஓரிடத்தில் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஐபோனை எடுத்துக்கொண்டால், நாம் இடும் இலக்கத்தையும், கருவியினுள்ளே பதிக்கப்பட்ட, வெளியே எடுக்கவியலாத வேறோர் இரகசியத்தையும் கலந்து, அவ்வேளையிலேயே ஒரு திறவுகோலை அது ஆக்கிக்கொள்கின்றது. அத்திறவுகோல் இன்றேல் உள்ளிருக்கும் படமும் எழுத்தும் எவராலும் படிக்க முடியாத மறைமொழியாகவே கிடக்கும். அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் இத்தகைய மறையாக்கம், 2019 இல் அன்ட்ரொயிட் 10 வெளிவந்ததன் பின், புதிய கருவிகளுக்குக் கட்டாயமாயிற்று. நான்கு இலக்கங்களால் அமையக்கூடிய சேர்க்கைகள் 10,000. ஆறு இலக்கங்களாயின் பத்து இலட்சம். அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க முனைவோரைத் தடுப்பதற்காகவே பிழைகள் கூடக்கூடக் காத்திருக்கும் நேரமும் கூடுகின்றது.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை ஒன்று. பூட்டுக்குக் கோபமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. நம் மனத்தில் உள்ள இலக்கத்தை அது அறியாது. தன்னிடம் வந்து சேர்ந்த இலக்கத்தையே அறியும். ஆகவே "சரியான இலக்கம்" மறுக்கப்படும்போது மூன்று கேள்விகளை முறையாகக் கேட்டல் வேண்டும். இலக்கத்தைக் கேட்பது எந்தப் பூட்டு? நாம் அழுத்தியது அழுத்தியபடி போய்ச் சேர்ந்ததா? நம் நினைவில் இருப்பது இன்றைய இலக்கந்தானா?

இக்கேள்விகளுக்கு முன்னதாக ஒரு விதி உண்டு. மூன்று முறை மறுத்தால் கையை எடுத்துவிடுங்கள். ஐபோனில் சில பிழைகளின் பின் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி என்று தடை நீண்டுகொண்டே போகும். பத்தாவது பிழையோடு கருவி முற்றாகப் பூட்டிக்கொள்ளும். பத்துப் பிழைகளின் பின் அனைத்தையும் அழித்துவிடும் ஏற்பாட்டை யாரேனும் முன்னரே தெரிவு செய்திருந்தால் உள்ளிருப்பவை யாவும் போய்விடும். ஊகித்து ஊகித்து இடுபவர் தமக்கு எஞ்சியுள்ள வாய்ப்புகளையே வீணாக்குகின்றார் என்பதை மறத்தலாகாது.

இனி முதலாவது கேள்வி. ஒரு தொலைபேசியில் பூட்டு ஒன்றுதான் என்று எண்ணுதல் தவறு. அண்மையில் ஒரு பெரியவரின் தொலைபேசி நம்மிடம் கொண்டுவரப்பட்டது. மின்கலம் தீர்ந்து அணைந்து, மீண்டும் இயக்கப்பட்டபின் தமது இலக்கத்தை அது ஏற்கவில்லை என்பது அவர் குறை. உற்றுப் பார்த்தபோது, இலக்கம் கேட்டது தொலைபேசி அன்று. உள்ளிருந்த சிம் அட்டை. அதற்கென வேறோர் இலக்கம் உண்டு. தொலைபேசி ஓடிக்கொண்டிருக்கும் வரை அது கேட்கப்படுவதில்லை. அணைத்து இயக்கும்போதே கேட்கப்படும். மூன்று முறை பிழைத்தால் சிம் அட்டை பூட்டிக்கொண்டு பியூகே என்னும் எட்டிலக்கத்தைக் கேட்கும். அதையும் பத்து முறை பிழையாக இட்டால் அந்த அட்டை பயனற்றுப் போகும். ஆகவே திரையிலுள்ள வாசகத்தை முழுமையாக வாசியுங்கள். "சிம்" என்ற சொல் அங்கே காணப்பட்டால் தொலைபேசி இலக்கத்தை அங்கே இடுதல் வேண்டாம். பியூகே இலக்கத்தைச் சிம் அட்டை வந்த உறையிலோ, தொலைபேசிச் சேவை நிலையத்திலோ பெறலாம். அலுவலக வேலைக்கென அமைத்த தனிப்பகுதிக்கும் வேறு இலக்கம் இருத்தல் கூடும்.

இரண்டாவது கேள்வி விரலும் திரையும் பற்றியது. இன்றைய திரை அழுத்தத்தை உணர்வதன்று; விரலின் மின்தன்மையை உணர்வது. ஈரக் கையும், மழைத் துளியும், வெடித்த கண்ணாடியும், சரியாக ஒட்டாத பாதுகாப்புத் தகடும் அதனை ஏமாற்றும். தரங்குறைந்த சார்ஜரில் பூட்டியிருக்கும்போதும் தொடுகை தடுமாறுவதுண்டு. ஆகவே சார்ஜரைக் கழற்றி, திரையையும் விரலையும் உலரத் துடைத்து, இலக்கங்களை ஒவ்வொன்றாக இட்டுப் புள்ளிகளை எண்ணுங்கள். நான்கு முறை தொட்டால் நான்கு புள்ளிகள் தோன்றவேண்டும். ஐந்தோ மூன்றோ தோன்றினால் குற்றம் திரையிலேயே உள்ளது.

இதனினும் தெளிவான சோதனை ஒன்று உண்டு. பூட்டுத் திரையில் "அவசர அழைப்பு" என்றிருக்கும் இடத்தைத் தொட்டால் இலக்கப் பலகை ஒன்று தோன்றும். அங்கே 1 முதல் 9 வரையும், பின்னர் 0 வும் தொட்டுப் பாருங்கள். தொட்ட இலக்கமே வெளிப்படையாகத் தோன்றுகின்றதா என்று காணலாம். அழைக்கும் பொத்தானை மட்டும் அழுத்தலாகாது. பார்த்தபின் அழித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். 5 ஐத் தொட 8 தோன்றினாலும், ஓரிலக்கம் தோன்றாமலே விட்டாலும், திரையை மாற்றுவித்தால் பூட்டுத் தானே திறக்கும். இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துகளால் ஆன சொல்லைப் பாவிப்போர், பேரெழுத்தும் சிற்றெழுத்தும் மாறியுள்ளனவா, விசைப்பலகையின் மொழி மாறியுள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது கேள்வி நினைவு பற்றியது. விரலடையாளத்தாலும் முகத்தாலும் திறந்து பழகிய நாம் இலக்கத்தை வாரக்கணக்காக இடுவதேயில்லை. கருவியை அணைத்து இயக்கியவுடன் அது இலக்கத்தையே கேட்கும். ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாதிருந்தாலும் அவ்வாறே கேட்கும். அப்போது வங்கி அட்டையின் இலக்கமும் பழைய தொலைபேசியின் இலக்கமும் மனத்தில் கலந்துவிடும். சிலருக்கு நினைவு மனத்தில் இல்லை, விரலில் இருக்கின்றது. தொலைபேசியில் 1, 2, 3 மேலே உள்ளன. கணிப்பானிலோ 7, 8, 9 மேலே உள்ளன. ஒன்றிற் பழகிய விரல் மற்றொன்றில் வேறிலக்கத்தையே இடும். ஆதலால் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்து மெதுவாக இடுங்கள். வீட்டிலுள்ள வேறெவரும் மாற்றினார்களா என்றும் கோபமின்றிக் கேளுங்கள். ஐபோனில் இலக்கத்தை மாற்றி 72 மணி நேரம் கடக்கவில்லையாயின், 2023 இல் வந்த ஐஓஎஸ் 17 முதல், பழைய இலக்கத்தைக் கொண்டே புதியதை அமைக்க வழியுண்டு.

"அணைத்து இயக்கினால் எல்லாம் சரியாகும்" என்பது வாலிபர் பலரின் மருந்து. மென்பொருளின் தற்காலிகத் தடுமாற்றத்திற்கு அது நல்ல மருந்தே. ஆயினும் ஓர் எச்சரிக்கை. விரலடையாளமோ முகமோ இன்னும் பூட்டைத் திறக்கின்றதாயின், அணைக்காதீர்கள். அணைத்தவுடன் அவ்வழி அடைபட்டு இலக்கம் ஒன்றே வழியாகிவிடும். முதலில் உள்ளே சென்று படங்களையும் தொடர்புகளையும் பிரதி செய்துகொள்ளுங்கள்; மற்றவை பின்னர்.

மூன்று கேள்விகளுக்கும் விடை கிடையாதபோது எஞ்சும் பரிகாரம் ஒன்றே: அனைத்தையும் அழித்துப் புதிதாக அமைத்தல். அதன் பின்னரும் ஆப்பிள் அல்லது கூகிள் கணக்கின் கடவுச்சொல் கேட்கப்படும். திருடன் பாவிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஐபோனில் 2013 முதலும், அன்ட்ரொயிட்டில் 2015 முதலும் இது இருந்து வருகின்றது. "ஒன்றும் அழியாமல் திறந்து தருகின்றோம்" என்று கூறுவோரிடம் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு செய்தியை நினையுங்கள். 2015 டிசெம்பர் 2 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் சான் பேர்னாடினோவில் 14 பேர் கொல்லப்பட்டனர். கொலைஞருள் ஒருவர் பாவித்த ஐபோன் 5சி ஐத் திறக்க அந்நாட்டின் எப்.பி.ஐ. புலனாய்வுத் துறை நீதிமன்றத்தையே நாடியது. தடையை நீக்கும் மென்பொருளைச் செய்துதர ஆப்பிள் நிறுவனம் மறுத்தது. 2016 மார்ச் 28 ஆம் நாளே, வேறொரு தரப்பின் உதவியாற் திறந்துவிட்டதாக அரசு அறிவித்தது. ஒரு வல்லரசுக்கே அத்தனை பாடாயின், சந்திக் கடையில் அரைமணியில் ஆகும் காரியமா இது?

ஆதலின் காவல் முன்னரே வேண்டும். பெரியோர்களே, உங்கள் தொலைபேசியின் இலக்கம், சிம் இலக்கம், கணக்கின் கடவுச்சொல் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, உறுதிப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலே வையுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு அவ்விடத்தைச் சொல்லியும் வையுங்கள். வாரம் ஒருமுறை விரலை விட்டு இலக்கத்தாலேயே திறவுங்கள். வாலிபர்களே, வீட்டுப் பெரியவருக்குத் தொலைபேசி அமைத்துக் கொடுக்கும்போது இலக்கத்தை நீங்களே தெரிந்து வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அவரையே தெரிய விடுங்கள், அவர் கையாலேயே எழுதுவியுங்கள். மாதம் ஒருமுறை அவருடைய படங்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை அது. ஆனால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு நினைவுகளை அது காக்கும்.

பூட்டு மறுக்கும்போது நம்மைக் காப்பது விரைவன்று, நிதானம். நிறுத்துதல், வாசித்தல், சோதித்தல், அதன்பின் இடுதல் என்னும் இவ்வொழுங்கை ஒவ்வொருவரும் வீட்டிலே இன்றே ஒருமுறை சொல்லிக் கொடுப்பீர்களாயின், இக்கூட்டத்தின் பயன் நிறைவெய்தும்.