எங்கள் ரோபோவின் இடது சக்கரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இப்போ படிக்கிற பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். உபயோகமாக எனக்குத் தெரிந்தது ரோபோவுக்குச் சக்கரம் மாட்டுவதுதான். அதையும் தப்பாக மாட்டியவன் நான்.

2002-இல் டோக்கியோவில் தொடங்கிய ஆசிய-பசிபிக் ரோபோகான் போட்டி 2014-இல் புனேயில் நடந்தது. இந்திய அணிக்கான தேசியப் போட்டியும் அங்கேதான். நாம் கையால் இயக்கும் 'பெற்றோர்' ரோபோ, தானாக இயங்கும் 'குழந்தை' ரோபோவைத் தூக்கிப்போய் ஊஞ்சல், சீசாவில் விளையாட வைக்க வேண்டும். பெற்றோரின் அடிச்சட்டமும் சக்கரங்களும் என் பொறுப்பு.

குழந்தையை உயரே தூக்கும்போது கவிழக் கூடாதே என்று நீளம் 700 மி.மீ., அகலம் 500 மி.மீ. வைத்தேன். 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய், ரிவெட் இணைப்பு. பட்டறை அண்ணன் வந்து நூலைப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தார். நாலு மி.மீ. வித்தியாசம். "கோணலா இருக்கு தம்பி, வண்டி ஒரு பக்கமா இழுக்கும், கழட்டு" என்றார். கழற்றினோம்.

நேராக ஓடியது. திருப்பினால் தவளை மாதிரி குதித்தது! இரு பக்கச் சக்கரங்களை எதிரெதிராகச் சுழற்றித் திருப்பும்போது நான்கும் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும். அந்த எதிர்ப்பு நீளத்தோடு கூடும், திருப்பும் திறன் அகலத்தோடு கூடும். நம் வண்டியில் நீளம் ஜெயித்துவிட்டது. முன் சக்கரம் இரண்டையும், விளிம்பில் குட்டி உருளைகள் உள்ள ஆம்னி சக்கரமாக மாற்றியதும் அடங்கியது.

மோட்டார் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வண்டி 25 கிலோ, உராய்வு 0.6 என்றால் தரை தாங்குவது சுமார் 147 நியூட்டன். 100 மி.மீ. சக்கரத்தில் அது 7.4 நியூட்டன் மீட்டர், மோட்டாருக்கு 3.7. மோட்டார் திணறி நிற்பதற்கு முன்னால் சக்கரம் வழுக்க வேண்டும். இல்லாவிட்டால் புகைதான். எங்களுக்கு ஒன்று புகைந்தது.

இனி அந்தச் சக்கரம். தண்டில் கீவே வெட்ட லேத்காரர் இரண்டு நாள் கேட்டார். ரயிலுக்கு நாள் நெருங்கிவிட்டது. "கிரப் ஸ்குரூ போதும்ணே" என்று நானே முடிவு செய்தேன். அணியில் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஆட்டத்திலேயே வண்டி இடப்பக்கம் திரும்பி வேலியில் போய் முட்டியது. இழுக்க இழுக்க அதே பக்கம். தோற்றோம். ரிமோட் பிடித்த நண்பனை எல்லாரும் திட்டினோம். நானும்தான்: "ஏன்டா, கை நடுங்கிச்சா?" அவன் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு தனியாக இடது சக்கரத்தைக் கழற்றினேன். தண்டைச் சுற்றி மோதிரம் போலப் பளபளவென்று ஒரு கோடு. ஸ்குரூ தளர்ந்து, சக்கரம் நிற்க, தண்டு மட்டும் உள்ளே சுற்றியிருக்கிறது. எமரித்தாளால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, சக்கரத்தை மாட்டிவைத்தேன்.

அவன் இன்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருஷம் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. டேய், உன் கை நடுங்கலைடா. தப்பு என்னுது.

தம்பிகளே, காலையில் உங்கள் ஆய்வகத்தில் புது ரோபோவைப் பார்த்தேன். நாலு சக்கரத்திலும் கிரப் ஸ்குரூ. சாப்பாடு முடிந்ததும் ஆலன் கீயோடு வாங்க, கழற்றிப் பார்த்துவிடலாம்.