பெயரில்லாத படம்



குமுளிக் கடைத்தெருவில், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்த தமிழ்ப் பெண்ணும், உள்ளூர் மலையாளப் பெண்ணும் ஒரே கடையில் பொருள் வாங்குவதைக் காணலாம். உடையை மட்டும் பார்த்து இன்னார் இன்ன ஊரார் எனக் கூறுதல் அங்கு எளிதன்று. ஆயினும், உடையைக் கொண்டே பெண்ணை வகைப்படுத்திய ஓவிய மரபு ஒன்று உண்டு. அதன் அச்சுப் படங்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர் பலர் கீழ்நாட்டுப் பெண்களைத் தீட்டினர். பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா 1834ஆம் ஆண்டு தீட்டிய ஓவியத்தின் தலைப்பு, அதிலுள்ளோரை அல்ஜியர்ஸ் நகரப் பெண்கள் என்று மட்டுமே குறிக்கின்றது. அணிகலனும் திரைச்சீலையும் துலங்குகின்றன. அப்பெண்களின் பெயர்கள் தலைப்பில் இல்லை.

நம் நாட்டில் அவ்வெண்ணெய் வண்ண முறையைக் கைக்கொண்டு புகழ் பெற்றவர் கிளிமானூர் ராஜா ரவிவர்மா. 1868ஆம் ஆண்டு திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சன் வரைவதை அருகிருந்து கண்டு கற்றவர் அவர். கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணை அவர் வரைந்த ஓவியம் 1873ஆம் ஆண்டு வியன்னாக் கண்காட்சியில் பரிசு பெற்றது. மறு ஆண்டில் யாழ் போன்றதோர் இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணைத் தீட்டினார். 1893ஆம் ஆண்டு சிக்காகோவிற்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்களிலும் பல பகுதி மாந்தரின் உடையும் கோலமும் இடம்பெற்றன. தீட்டிய கை நம்முடையதே. ஆயினும் தலைப்பில் இனம் நின்றது, ஆளின் பெயர் நிற்கவில்லை.

1894ஆம் ஆண்டு அவர் பம்பாயில் அச்சகம் நிறுவினார். கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, நிறத்திற்கு ஒரு கல்லாகப் பல முறை அச்சிடுவர். இவ்வாறு, அரண்மனையில் இருந்த ஓவியக் கலை எளியோர் இல்லத்தையும் அடைந்தது. இது சிறு தொண்டன்று. கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டோரும் தம் வீட்டிலேயே தெய்வ உருவத்தைக் கண்டு வணங்க அப்படங்கள் உதவின.

ஆகவே, அப்படங்களை வெறுக்க வேண்டுவதில்லை, அறிந்து காண்போம். அழகை வியக்கும்போதே, இவள் யார், இவளை நோக்கிய கண் யாருடையது என வினவுவோம். இவ்வினாவின் பொருள் வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு நன்கு விளங்கும். பெயர் கேளாமலே நம்மை "மதராஸி" என்று அழைத்தோர் உண்டு. அண்டை வீட்டாரை நாமும் அவ்வாறே ஓர் இனப்பெயரால் சுட்டியதுண்டு. மனிதரைப் பெயரில்லாத படமாக்கும் செயல் இருபுறமும் ஒன்றே.

நேயர்கள் இன்று ஒரு சிறு பணி செய்யலாம். வீட்டுச் சுவரில் உள்ள பாட்டியின் படத்தை இறக்கி, அதன் பின்புறத்தில் அவர் பெயரையும், ஊரையும், தெரிந்தால் ஆண்டையும் எழுதி வைப்போமாக. அடுத்த தலைமுறைக்கு அவர் ஒரு சேலைக்கட்டாக மட்டும் எஞ்சலாகாது.