முதுமையில் கற்ற ஒளிப்படக் கலை



கற்றல் என்பது பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். பல்லாண்டு காலம் கரும்பலகையின் முன் நின்று கற்பித்த ஒருவன், ஓய்வு பெற்ற பின்னர் மாணவனாகப் பெஞ்சியில் அமர்ந்து கற்கத் தொடங்கினால், அதில் அவன் காணும் இன்பமே தனி. அண்மையில் மதுரையில் டிஜிட்டல் ஒளிப்படக் கலை பயிற்றும் வகுப்பொன்றில் சேர்ந்து மூன்று திங்கள் பயின்றேன். ஆசிரியர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். உடன் பயின்ற பன்னிருவரில் கல்லூரி மாணவர்கள் உண்டு. தையற்கடை நடத்தும் அம்மையார் ஒருவர் உண்டு. தலை நரைத்தவன் நான் ஒருவனே. அங்கே கற்றவற்றுள் உங்களுக்குப் பயன்படத்தக்க சிலவற்றை இன்று சொல்ல விழைகிறேன்.

ஒளிப்படம் எனக்குப் புதியதன்று. 1980-களில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் தரும் எளிய காமிரா ஒன்று என்னிடம் இருந்தது. சுருள் வாங்கவும் காசு வேண்டும். கழுவவும் காசு வேண்டும். அச்சிடவும் காசு வேண்டும். ஆகவே, விசையை அழுத்துமுன் பன்முறை எண்ணிப் பார்ப்போம். படம் எவ்வாறு வந்தது என்பதை அறிய நாட்கணக்கில் காத்திருப்போம். அந்தச் சிக்கனமும் காத்திருத்தலும் இன்றைய தலைமுறைக்கு இல்லை. இது பேறா, இழப்பா? இக்கேள்வியை மனத்திற்கொண்டே நான் வகுப்பில் அமர்ந்தேன்.

முதலில் கருவியின் இயல்பை அறிவோம். இன்று நம்மிடையே எஞ்சியிருக்கும் ஒளிப்படங்களுள் காமிராவால் எடுக்கப்பட்ட மிகப் பழையது, பிரெஞ்சு நாட்டவரான நிசேபோர் நியப்ஸ் 1826 அல்லது 1827-இல் எடுத்தது. அது முதல் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், ஒளி பட்டால் மாறுதல் அடையும் இரசாயனப் பொருள்களையே இக்கலை நம்பியிருந்தது. அவற்றுள் தலைமையானவை வெள்ளியின் உப்புகள். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர், ஒளியை மின்னூட்டமாக மாற்றிப் படிக்கவல்ல சிலிக்கான் சில்லுக்கு வழி கண்டனர். அதன் பொருட்டு 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் அவர்களும் பங்கு பெற்றனர். 1975-இல் ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர், அத்தகைய சில்லைக் கொண்டு காமிரா ஒன்றை அமைத்தார். அதன் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி ஆயிற்று. இன்று உங்கள் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியோ, கண் இமைக்கும் நேரத்தில் கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பதித்துவிடுகிறது!

இதில் வியப்பானது ஒன்று உண்டு. அந்தச் சில்லுக்கு வண்ணம் தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். அதனால் புள்ளிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நுண்ணிய வடிகட்டிகளைப் பதிக்கிறார்கள். இம்முறைக்கு 1976-இல் காப்புரிமை பெற்றவர் பிரைஸ் பேயர் என்பவர். வடிகட்டிகளில் பாதி பச்சை. கால் பங்கு சிவப்பு. கால் பங்கு நீலம். பச்சைக்கு ஏன் இந்தச் சலுகை? மனிதக் கண் பச்சை ஒளியையே மிகுதியாக உணர்கிறது. ஆதலின், கருவியும் கண்ணைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு வண்ணங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புகிறது.

காமிராவைச் செலுத்தக் கடிவாளங்கள் மூன்று. ஒளி புகும் துளை ஒன்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மற்றொன்று, ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்வு அளவு மூன்றாவது. துளையின் எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். எஃப் 4 என்றால் துளையின் விட்டம் லென்ஸின் குவிதூரத்தில் நாலில் ஒன்று. எஃப் 8 என்றால் எட்டில் ஒன்று. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகும் என்பது நீங்கள் வடிவியலில் படித்ததே. ஆகவே ஒளியும் கால் பங்கே புகும். அதை ஈடுசெய்ய, 1/250 விநாடி திறந்த ஷட்டரை ஏறத்தாழ 1/60 விநாடி திறக்க வேண்டும். துளை சிறுத்தால் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருங்கே தெளியும். ஆனால், நேரம் நீண்டால் ஓடும் பிள்ளையின் உருவம் கலையும். உணர்வு அளவைக் கூட்டினால் இருளிலும் படம் வரும். ஆனால், மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது. கணக்கு எதற்குப் பயன்படும் என்று என்னைக் கேட்ட மாணவர் பலர். அவர்களுக்குச் சொல்ல இன்று என்னிடம் இன்னும் ஒரு விடை இருக்கிறது.

எங்கள் ஆசிரியர் தந்த பயிற்சிகளுள் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாலைப் பொழுதுக்குப் பன்னிரண்டு படமே எடுக்க வேண்டும். எடுத்த பின் திரையைப் பார்த்தல் ஆகாது. முன்னொரு நாள் ஒரு மணி நேரத்தில் முந்நூறு படம் எடுத்து, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க இயலாமல் திகைத்த கல்லூரி மாணவி, அன்று ஒரு வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றார். ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று பார்த்தார். அன்று அவர் எடுத்தவை ஒன்பதே. அவற்றில் நான்கு படங்கள் மிக நன்றாக வந்திருந்தன. கருவி மாறவில்லை, பார்வைதான் மாறியது.

இனி, அவ்வகுப்பில் என் மனத்தை விட்டு நீங்காத ஒரு நாளைப் பற்றிச் சொல்வேன். மதுரையை அடுத்த விளாச்சேரி மண்பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே முதியவர் ஒருவர் மேற்சட்டையின்றி அமர்ந்து களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்துச் சாளரத்தின் வழியே வந்த ஒளி அவர் முகத்தின் சுருக்கங்களிலும் சேறு படிந்த கைகளிலும் வீழ்ந்தது. அவர் இசைவைப் பெற்று எல்லாரும் ஆர்வத்தோடு படம் எடுத்தோம். அப்போது அவர் எங்கள் ஆசிரியரை நோக்கி, “எத்தனையோ பேர் வர்றாங்க, எடுக்கிறாங்க, போறாங்க தம்பி. எடுத்த படத்தை நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை” என்றார்.

ஆசிரியர் உடனே அவர் அருகில் அமர்ந்து, காமிராவின் திரையில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். முதியவர் நெடுநேரம் பார்த்தார். பின்பு, “கை நல்லா இருக்கு, ஆளு நல்லா இல்லை” என்றார், எழுந்து போய்க் கைகால் கழுவினார், வெள்ளைச் சட்டை அணிந்தார், மனைவியை அழைத்தார், வண்ணம் தீட்டி முடித்த பொம்மை வரிசையின் முன் இருவரும் நிமிர்ந்து அமர்ந்தனர். “இப்ப எடுங்க” என்றார்.

திரும்பி வந்த பின் வகுப்பில் விவாதம் எழுந்தது. கண்காட்சிக்கு உகந்தது முதற்படமே என்றனர் பலர். இரண்டாவது படம் எந்தக் கடையிலும் எடுக்கத்தக்கது என்றனர். தையற்கடை அம்மையார் மட்டும், “முதற்படம் நமக்குப் பிடித்தது, இரண்டாவது அவருக்குப் பிடித்தது. முகம் யாருடையது?” என்று கேட்டார். அவை அமைதியாயிற்று. ஒருவருடைய வறுமையும் முதுமையும் நம் கண்ணுக்கு அழகாகத் தோன்றலாம். ஆனால், அவர் தம்மை உழைத்துக் களைத்தவராக மட்டும் கருதவில்லை. பொம்மைகளைப் படைத்தவராகவும் ஒரு குடும்பத்தின் தலைவராகவும் கருதுகிறார். அவர் பார்வைக்கும் படத்தில் இடம் உண்டு அன்றோ? மறு வாரம் இரு படங்களையும் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டாவதே அவர் வீட்டுச் சுவரில் ஏறியது. முதற்படத்தைக் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டோம். “கையை மட்டும் வையுங்க” என்றார். அவ்வாறே முகத்தை நீக்கி வைத்தோம்.

பேறா, இழப்பா என்ற கேள்விக்கு அன்றுதான் எனக்கு விடை கிடைத்தது. பழைய காமிராவில் எடுத்த படத்தை எடுக்கப்பட்டவருக்கு அப்போதே காட்ட இயலாது. புதிய கருவி அதற்கு வழி செய்திருக்கிறது. எண்ணற்ற படங்களை எடுத்துக் குவிப்பதைவிட, இதுவே இக்கருவியின் பெரிய நன்மை என்பேன்.

இன்னும் ஒன்று. என் தந்தையார் காலத்துப் படங்கள் இன்றும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. கைப்பேசியில் உள்ளவையோ, அக்கருவி பழுதானால் ஒரு நொடியில் மறையும். ஆகவே, போற்றத்தக்க படத்திற்கு மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றை இருவேறு வகைச் சேமிப்புகளில் வையுங்கள். ஒன்றேனும் வேறிடத்தில் இருக்கட்டும். மிகச் சிறந்தவற்றைத் தாளில் அச்சிடுங்கள்.

மாணவர்களே, உங்களில் பெரும்பாலோர் கையில் இன்று காமிரா உண்டு. அடுத்த விடுமுறை நாளில் உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ ஒரு படம் எடுங்கள். எடுத்ததை உடனே அவரிடம் காட்டி, “எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையைக் கேட்டபின் இரண்டாவது படத்தை எடுங்கள்.